நடுத்தெருவில் நின்ற வீடு

இப்போதெல்லாம் வீடு என்றால் ஓரிடத்தில் நிற்பது. எங்கள் காலத்துச் சிகாகோவில் அப்படி இல்லை. மரவீடு எங்களுடையதாக இருக்கும், அதன் அடியில் உள்ள மண் வேறொருவருடையதாக இருக்கும். மண்ணுக்குடையவர் இடத்தைக் கேட்டால் வீட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டியதுதான். நான்கு மூலையிலும் ஜாக்கி வைத்து உயர்த்துவார்கள், அடியில் உருளைக் கட்டைகளைச் செருகுவார்கள், வீட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையைத் தூரத்தில் தரையில் அறைந்த ஒரு சுழல்தூணில் கட்டி, குதிரையை அதைச் சுற்றிச் சுற்றி நடக்கவிடுவார்கள். குதிரை நாள் முழுக்க நடந்தால் வீடு ஒரு தெரு நகரும். உள்ளே இருப்பவர்கள் இறங்குவதில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். எதிரே வருகிறவன் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டுவிட்டுப் போவான். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

எங்கள் ஐரிஷ் தெருவின் வடக்கு வரிசை முழுவதையும் ஒரு ரயில் கம்பெனி வாங்கியது. தெற்கு வரிசை தப்பித்தது. என் அண்ணன் பார்ட் லாலரின் வீடு வடக்கு வரிசையில் இருந்தது. அண்ணனுக்கு இரும்பாலையில் இரவு வேலை. எனக்குச் செங்கல் சூளையில் வேலை, ஈரக் காலத்தில் அது மூடிக் கிடக்கும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர்கள் சமையலறையில் ஒரு கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தேன். அண்ணி ஹொனோராவோடு சேர்த்து வீட்டில் மூன்று பேர்.

அண்ணன் யாரையும் கேட்காமல் மேற்கே, ஜெர்மானியர்கள் குடியிருக்கும் பகுதியில் ஒரு காலி மனையை வாடகைக்குப் பேசி முடித்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து அண்ணி அவனோடு பேசவில்லை. சண்டை ஒன்றும் போடவில்லை. தட்டை வைப்பாள், எடுப்பாள். அவனுடைய சட்டையைத் துவைத்து மடித்து வைப்பாள். வாய் மட்டும் திறக்காது. என்னிடம் பேசுவாள், அடுப்போடு பேசுவாள், ஹல்வோரின் குதிரையோடுகூடப் பேசுவாள்.

ஹல்வோர் என்பவன் வீடு நகர்த்துகிற நார்வேக்காரன். அந்த ஏப்ரலில் பனி உருகி ஊரெல்லாம் சேறு. குதிரை டிராம் ஓடும் பெரிய தெருவைக் குறுக்கே கடக்கும்போது, பாதித் தெருவில் உருளைகள் சேற்றுக்குள் இறங்கிவிட்டன. ஹல்வோர் கீழே குனிந்து பார்த்தான். எழுந்து குதிரையை அவிழ்த்தான். பிறகு சுங்கானைப் பற்றவைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டான்.

"எப்போப்பா நகரும்?" என்று அண்ணன் கேட்டான்.

"காஞ்சா நகரும்."

"எப்போ காயும்?"

"வெயில் வந்தா காயும்."

"வெயில் எப்போ வரும்?"

ஹல்வோர் வானத்தைப் பார்த்தான். "நான் வீடு நகர்த்துறவன். அதெல்லாம் என்கிட்ட கேக்காதே. அடியில போட நல்ல கனமான பலகை கிடைச்சா இன்னிக்கே இழுத்துடுவேன். என்கிட்ட பலகை கிடையாது."

அப்படியாக வீடு டிராம் தண்டவாளத்தின் மேல் நின்றது. கிழக்கே இருந்த சமையலறை வாசல் எங்கள் பழைய தெருவைப் பார்த்தபடி, முன்வாசல் ஜெர்மானியர் தெருவைப் பார்த்தபடி. டிராம் ஒரு பக்கம் வந்து நிற்கும். பயணிகள் இறங்கி வீட்டைச் சுற்றி நடந்து மறுபக்கம் காத்திருக்கும் வேறு டிராமில் ஏறுவார்கள். கண்டக்டர்கள் கத்துவார்கள். தொப்பி வைத்த ஒரு பெரியவர் கதவைத் தட்டி, இது என்ன நிறுத்தம் என்று மரியாதையாகக் கேட்டார். "லாலர் வீடு. இறங்குறவங்க இறங்கலாம்" என்றேன். அண்ணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு அது.

இதெல்லாம் நடந்தது நகரசபைத் தேர்தலுக்கு முந்தைய வாரம். அந்தப் பெரிய தெருவின் நடுக்கோடுதான் இரண்டு வார்டுகளின் எல்லை. எங்கள் பழைய வார்டில் போன முறை கவுன்சிலர் ஜெயித்தது ஒரு கைப்பிடி ஓட்டில். எதிர் வார்டிலும் அதே கதை. இப்போது இரண்டு ஓட்டுள்ள ஒரு வீடு எல்லைக்கோட்டின் மேல் கால் பரப்பிக்கொண்டு நிற்கிறது. சட்டம் என்ன சொன்னதோ எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் சட்டம் வாக்குச்சாவடி வாசல் வரைக்கும் வந்து, உள்ளே உட்கார்ந்திருப்பது யாருடைய ஆட்கள் என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கும்.

முதலில் வந்தவன் டெனிஸ் கியோ. பழைய வார்டில் மதுக்கடை வைத்திருந்தான். கவுன்சிலருக்கு அவன்தான் கை, கால், காது எல்லாம். சமையலறை வாசலில் படி இல்லாததால் ஒரு பீப்பாயைப் போட்டு ஏறி வந்தான்.

"என்னப்பா பார்ட், வீட்டை ரோட்டுல வெச்சு வேடிக்கை காட்டுறியாமே? டிக்கெட் போட்டா நானும் ஒண்ணு வாங்கிப்பேன்."

"உக்காரு டெனிஸ்."

"உக்கார வரல. நேரா விஷயத்துக்கு வரேன். வார்டுக் கிடங்குல ஓக் பலகை கிடக்கு, சாரட்டு ஏத்தினாலும் வளையாது. நாளைக்கே அனுப்பறேன். ஆனா வண்டி இந்தப் பக்கமாத்தான் இழுக்கணும். மனைக்கு என்ன பண்றதுன்னு கேப்பே. கரிக்கடைக்குப் பின்னால ஒரு துண்டு இடம் இருக்கு, உன் பழைய தெருவே கண்ணுக்கு நேரா தெரியும். நான் பேசிட்டேன்."

அண்ணி உருளைக்கிழங்கு நறுக்குவதை நிறுத்தினாள்.

"நான் அங்க பேசி முடிச்சுட்டேனே" என்றான் அண்ணன்.

"அந்தக் கோஸ் ஊறுகாய் திங்கற ஜெர்மான்காரனுங்க நடுவுலயா? டேய், உங்க அப்பன் கேட்டா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து உதைப்பான். மாலகி, நீயாவது சொல்லேன்டா."

நான் அடுப்புக்கு விறகு எடுத்து வைத்தேன்.

"இவன் எப்பவும் இப்படித்தான். சாமி சிலைகிட்ட பேசலாம், அதுவாவது தலையை ஆட்டற மாதிரி தெரியும்." கியோ அண்ணியின் பக்கம் திரும்பினான். "ஏம்மா ஹொனோரா, நீ சொல்லு. உனக்கு எங்க இருக்கணும்?"

அண்ணி அவனைப் பார்த்தாள். "எனக்கு ஓட்டு இல்லையே, டெனிஸ்" என்றாள்.

அன்று மத்தியானமே முன்வாசல் பக்கம் ஓட்டோ க்ளெம் வந்தார். எதிர் வார்டில் இறைச்சிக்கடை வைத்திருப்பவர். கண்ணியமான மனிதர், குறைவாகப் பேசினார். பலகை அவரிடமும் இருந்தது. அவர் பலகை மேற்கே மட்டும் போகும்.

வீடு எந்தப் பக்கம் போகும் என்பது இப்படியாக அண்ணன் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுகிறான் என்பதைப் பொறுத்ததாகிவிட்டது. என் ஓட்டைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. வீடு அவனுடையது.

கியோ போன பிறகு அண்ணியிடம் கேட்டேன். "அண்ணி, கரிக்கடைக்குப் பின்னால நாள் முழுக்கத் தூசி பறக்கும். ஜெர்மான்காரங்க பக்கம் நல்ல தண்ணிக் குழாய் இருக்கு. ஏன் வேணாங்கறீங்க?"

அவள் நறுக்கிய கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அந்தப் பக்கம் யாருக்கும் வின்னியைத் தெரியாது, மாலகி."

வின்னி அவர்களுடைய ஒரே குழந்தை. இரண்டு கோடைக்கு முன்னால் காய்ச்சலில் போனாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியிருந்தாள். படம் எடுத்து வைக்கவில்லை. எடுக்கலாம், எடுக்கலாம் என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். இறந்த வீட்டில் விடிய விடிய உட்கார்ந்திருப்பது எங்கள் வழக்கம். அன்றைக்குத் தெரு முழுவதும் எங்கள் வீட்டில் இருந்தது. அவளை மடியில் வைத்திருந்தவர்கள், தங்கள் மூக்குக்கண்ணாடியை அவள் பிடுங்கியதைச் சொல்லிச் சிரித்தவர்கள், எல்லாரும் தெற்கு வரிசையில்தான் இருந்தார்கள். அண்ணிக்கு வேறு சாட்சி கிடையாது. அந்தத் தெருவை விட்டுப் போய்விட்டால், அப்படி ஒரு குழந்தை இருந்தது என்பதற்கு உலகத்தில் எங்கள் மூன்று பேரைத் தவிர ஆளில்லை.

அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த நாள் அவன் ஹல்வோரின் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவனே பேசினான்.

"நான் அந்தத் தெருவுல நடந்தா பேச்சு நின்னுடுது, தெரியுமா உனக்கு? சிரிச்சுக்கிட்டிருப்பானுங்க. என்னைப் பாத்ததும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்குவானுங்க. ரெண்டு வருஷம் ஆச்சுடா. இன்னும் ஒருத்தன்கூட என்கிட்ட ஒரு ஜோக் சொல்லல."

குதிரை புல்லை மென்றது.

"பார்ட் லாலர்னு ஒருத்தன், அவ்வளவுதான், வேற ஒண்ணும் தெரியாதுங்கற மாதிரி ஒரு தெரு வேணும் எனக்கு" என்றான்.

அண்ணன், அண்ணி என்று சேர்த்தே சொல்லிப் பழகியிருந்தாலும், அந்த வாரம் முழுக்க அவர்கள் எனக்கு இரண்டு தனித்தனி மனிதர்களாகவே தெரிந்தார்கள். அவள் எதைப் பிடித்துக்கொண்டு இருந்தாளோ அதிலிருந்துதான் அவன் ஓடிக்கொண்டிருந்தான். யார் பக்கம் பேசுவது? பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பதும் ஒரு பக்கம் சேர்வதுதான் என்பது வயதான பிறகுதான் புரிகிறது.

தேர்தலுக்கு முந்தைய நாள் மத்தியானம் க்ளெம்மின் மனைவி வந்தாள். கணவர்தான் அனுப்பியிருக்க வேண்டும். கையில் ஆப்பிள் வைத்துச் சுட்ட கேக். அகலமான பெண்மணி; முன்வாசலில் ஏற முடியாமல் நான் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. அண்ணன் முன்னறையில் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். இரவு வேலைக்காரனின் தூக்கம்.

அண்ணி மரியாதைக்காகத் தேநீர் போட்டாள். இருவருக்கும் பொதுவாகப் பேச அதிகம் இல்லை. க்ளெம் அம்மாளுக்கு எங்கள் பேச்சு நன்றாக வராது. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள்.

"வீடு ஆடுமா, போகும்போது?"

"பால் மட்டும் கொஞ்சம் சிந்தும்."

"எனக்குன்னா வாந்தி வரும்." இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு அவள் கேட்டாள்: "உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை?"

நான் தைத்துக்கொண்டிருந்த காலணியிலிருந்து தலை நிமிர்ந்தேன். பழைய தெருவில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். எல்லாருக்கும் தெரியும்.

"ஒண்ணு" என்றாள் அண்ணி. "இல்ல. செத்துப்போச்சு."

நம்மவர்கள் இப்படிப்பட்ட இடத்தில் சிலுவைக் குறி போட்டுவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். க்ளெம் அம்மாளுக்கு அந்த நாசூக்கு தெரியவில்லை. அல்லது மொழி போதவில்லை. அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு."

"பேர் என்ன?"

"வினிஃப்ரெட். வின்னின்னு கூப்பிடுவோம்."

"எப்படி இருப்பா? உங்க மாதிரியா?"

அண்ணி தேநீர்க் கெட்டிலைக் கீழே வைத்தாள். இரண்டு வருடத்தில் அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்தவர்கள் ஏன் கேட்கப்போகிறார்கள்?

"அவ அப்பா மாதிரி" என்றாள் அண்ணி. "காது இப்படி வெளிய நிக்கும். கோவம் வந்தா மூச்சைப் பிடிச்சுக்குவா, மூஞ்சி செவந்துடும், நாங்க பயந்துடுவோம், உடனே சிரிச்சுடுவா. ஏமாத்துக்காரி."

"ஏமாத்துக்காரி!" என்று க்ளெம் அம்மாள் கைதட்டினாள்.

பிறகு அண்ணி பேசினாள். பிறந்த அன்றைக்கு விழுந்த மழையிலிருந்து ஆரம்பித்தாள். எனக்குத் தெரிந்தவையும் இருந்தன, தெரியாதவையும் இருந்தன. தேநீர் ஆறிப்போய், திரும்பப் போட்டு, அதுவும் ஆறியது. வெளியே டிராம் மணிகள் அடித்தன, ஆட்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஜெர்மானியப் பெண் பாதிச் சொற்களைத்தான் புரிந்துகொண்டிருப்பாள். ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் எல்லாம் "அப்புறம்?" என்றாள். அந்த ஒரு சொல் அவளுக்கு நன்றாக வந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் குறட்டை நின்று வெகுநேரமாகியிருந்தது. நான் மட்டும் கவனித்தேன்.

மறுநாள் காலை வெயில் வந்தது. இரண்டு பக்கமும் வாக்குச்சாவடி திறந்துவிட்டார்கள்: பழைய வார்டில் குதிரை லாயத்தில், எதிர் வார்டில் முடிதிருத்தும் கடையில். இப்போது மாதிரி திரைக்குப் பின்னால் நின்று ரகசியமாகக் குறி போடுவதெல்லாம் அப்போது இல்லை. ஒவ்வொரு கட்சியும் தன் சீட்டைத் தானே அச்சடித்துக் கொடுக்கும், வேறு வேறு நிறத் தாளில். எவன் யாருக்குப் போடுகிறான் என்று தெருமுனையிலிருந்தே தெரியும். இதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்த நிறங்கள் நினைவில் இருக்கின்றன. தேர்தல் நாளில் தெரு ஒரு திருவிழா மாதிரி இருக்கும்.

அண்ணன் வேலையிலிருந்து வந்து முகம் கழுவினான். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்தான். போகவில்லை. சமையலறை வாசலில் கியோவின் தலை தெரிந்தது, முன்வாசலுக்கு வெளியே க்ளெம்மின் தொப்பி. இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் எட்டிப் பார்த்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க" என்றாள் அண்ணி. போனார்கள்.

அண்ணன் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். "கியோ இடத்துக்கே போயிடலாம்" என்றான் கடைசியில். "கரித்தூசி பரவாயில்ல. நீ இங்கயே இரு. நான் பழகிக்கறேன்."

அவன் அவளிடம் நேராகப் பேசி, அவளும் அவனை நேராகப் பார்த்தது எத்தனையோ வாரத்துக்குப் பிறகு.

"முந்தாநாள் கேட்டிருந்தா சரின்னிருப்பேன்" என்றாள் அண்ணி. "இப்ப அந்தப் பக்கம் போலாம்."

"ஏன்?"

"இங்க எல்லாருக்கும் தெரியும், பார்ட். அதனால யாரும் கேக்க மாட்டேங்கறாங்க."

அண்ணன் தலை நிமிரவில்லை. "அப்ப அங்கயும் சொல்லுவியா? எல்லார்கிட்டயும்?"

"கேட்டா சொல்லுவேன்."

"யாருக்கும் தெரியாத இடமா இருக்கணும்னுதான் நான் அதைப் பேசினேன்."

"தெரியும். இருந்தும் சொல்லுவேன். நீ அதுக்கு ஒத்துக்கிட்டா அந்தப் பக்கம் போலாம். இல்லேன்னா உன் இஷ்டம், எங்க வேணும்னாலும் நிறுத்து."

வெளியே எங்கோ ஒரு பேண்டு வாத்தியம் போனது. அது தெரு தாண்டி மறைந்தது. பிறகு அண்ணன் எழுந்தான். தொப்பியை வைத்துக்கொண்டு முன்வாசல் வழியாகக் குதித்து இறங்கினான். என்னைக் கூப்பிடவில்லை, நானே பின்னால் போனேன்.

முடிதிருத்தும் கடையில் ஓட்டுச் சீட்டுப் போடும் கண்ணாடிப் பெட்டியை ஒரு நாற்காலியில் வைத்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் வயதான மருந்துக்கடைக்காரர் ஒருவர் நடுவராக உட்கார்ந்திருந்தார். அண்ணன் சீட்டை நீட்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஆட்சேபம்!"

கியோதான். மூச்சு வாங்க ஓடி வந்திருந்தான். ஒரு ஓட்டுக்கு ஆட்சேபம் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு.

"இந்த ஆள் எங்க வார்டு. என்னைக் கேளுங்க, பல்லு முளைச்ச நாளிலேர்ந்து தெரியும்."

நடுவர் பைபிளை நகர்த்தினார். அண்ணன் அதன்மேல் கை வைத்தான்.

"எங்க குடியிருக்கீங்க?"

"என் வீட்டுல."

"வீடு எங்க இருக்கு?"

"ரோட்டுல."

கடை முழுக்கச் சிரிப்பு. சவரத்துக்கு நுரை போட்டு உட்கார்ந்திருந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். நடுவர் சிரிக்கவில்லை.

"படுக்கறது எந்தப் பக்கம்?"

"முன்னறையில. உங்க பக்கம்."

"சமையல் எங்க பக்கம்!" என்றான் கியோ. "மனுஷன் எங்க சாப்பிடறானோ அங்கதான் குடியிருக்கான்!"

"அப்படின்னா நீ உன் மாமியார் வீட்டுலதான் குடியிருக்கே" என்று யாரோ பதில் கொடுக்க, மறுபடி சிரிப்பு.

நடுவர் கையை உயர்த்தினார். வழக்கமான கேள்விதான் கேட்டார், எல்லாரிடமும் கேட்கிற கேள்வி.

"வீட்டுல யார் யார்?"

"என் மனைவி ஹொனோரா. தம்பி மாலகி, இதோ இவன்."

நடுவர் தலையசைத்தார். அண்ணனின் கை பைபிளின் மேலேயே இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. காது சிவந்துவிட்டது.

"ஒரு பொண்ணு" என்றான். "வினிஃப்ரெட். செத்துட்டா. ரெண்டு வருஷம் ஆகுது."

யாரும் சிரிக்கவில்லை. சவரக்கத்தி எங்கோ ஒரு கிண்ணத்தில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அந்தப் பெயர் அண்ணன் வாயிலிருந்து வந்து நான் கேட்டது, அவளைப் புதைத்த பிறகு அதுதான் முதல் தடவை.

நடுவர் கியோவைப் பார்த்தார். "ஆட்சேபம் இருக்கா?"

கியோ தொப்பியைக் கழற்றியிருந்தான். வின்னியின் அந்தச் சின்னச் சவப்பெட்டியைத் தேவாலயம் வரைக்கும் தூக்கியவர்களில் அவனும் ஒருவன்.

"இல்ல" என்றான். "போடட்டும்."

சீட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் விழுந்தது. வெளியே வந்ததும் கியோ என் தோளைப் பிடித்தான். "உன் கட்டில் சமையலறையிலதானேடா? வா, லாயத்துக்கு. ஒண்ணாவது மிஞ்சட்டும்." நான் அவனோடு போய் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தேன். அவனுடைய கவுன்சிலர் தோற்றுப்போனார் என்பது வேறு விஷயம்.

திரும்பி வந்தபோது ஹல்வோர் க்ளெம்மின் பலகைகளை அடியில் அடித்துச் செருகிக்கொண்டிருந்தான். அண்ணன் எனக்கு முன்பே வந்து மேஜையில் உட்கார்ந்திருந்தான். அண்ணி ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு நேரமா?" என்றாள்.

"டெனிஸ் ஆட்சேபம் சொன்னான். கேள்வி கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"வீட்டுல யார் யார்னு கேட்டாங்க."

கத்தி ரொட்டியின் நடுவில் நின்றது. "நீ என்ன சொன்னே?"

வெளியே ஹல்வோர் குதிரையை அதட்டினான். கயிறு இறுகி, வீடு ஒரு முறை முனகியது.

"எல்லாரையும் சொன்னேன்" என்றான்.

அண்ணி கத்தியை வைத்துவிட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். வீடு நகரத் தொடங்கியிருந்தது.